சொந்தத் தெருவுக்குப் பேசக்கூடாது

ஜூலை 9, செவ்வாய்

என் மனைவி பிரமுவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். செவ்வாயும் வெள்ளியும் தென்காசியில் அவளுக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஆட்டோ கால்வாய்க்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். இந்தப் பக்கம் எங்கள் கால்வாய்த் தெரு. நடுவில் பாலம் என்று சொல்லப்படுவது ஒரு காங்கிரீட் பலகை. அதில் ஒரு மாடு வந்தால் எதிரே வருகிற மாடு காத்து நிற்கும். அதனால் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு கம்பு கட்டி, அவளை உட்காரவைத்து நாலு பேர் தூக்குகிறார்கள். மாசானம் கொத்தனார் முன்பக்கம். நான் பையோடு அவர்களுக்கும் முன்னால். காலமெல்லாம் பேருந்தில் கண்டக்டராக இருந்தவனுக்கு ‘ஓரம் போ, ஓரம் போ’ என்று கத்துவது பழகின வேலை.

ஸ்கூட்டரில் ஏற்றிப் பார்த்தோம். போன மாதம் திரும்பி வரும்போது தலை சுற்றி, பலகையிலிருந்து கால்வாய்க்குள் சாய்ந்துவிட்டாள். தண்ணீர் இல்லாத நேரம். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று.

மதியம் முருங்கைக் கிளையை வெட்டினேன். காஸ்காரன் வழக்கம்போல சிலிண்டரைப் பலகைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டுப் போய்விட்டான். உருட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

நடுத்தெரு வைகுண்டம் வந்தார். மாவு மில் வைத்திருப்பவர். சட்டையில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும், பேச்சில் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. ஜூலையில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் வாய் கேட்கத்தான் வருவார்கள்.

எங்கள் ஊர் கிராம சபையில் சொந்தத் தெருவுக்கு யாரும் பேசக்கூடாது. சட்டத்தில் இப்படி எதுவும் இல்லை. ஒன்றியத்திலிருந்து வருகிற அதிகாரிகள் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் குழாயடி யாருக்கு என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் சபையிலேயே அடித்துக்கொண்டு போலீஸ் வரைக்கும் போயிற்று. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. ஒரு தெருவுக்கு என்ன வேண்டுமோ, அதை வேறு தெருக்காரர் எழுந்து கேட்க வேண்டும். ஒருவர் ஒரு தெருவுக்குத்தான் பேசலாம். அப்படிப் பேச ஆள் பிடிக்கப் போவதற்குத்தான் வாய் கேட்பது என்று பெயர். பேசி முடிந்ததும் கை தூக்குவார்கள். முதல் இடம் பிடித்த வேலை அடுத்த வருஷத் திட்டத்தில் நடக்கும். மற்றவை பட்டியலில் படுத்துத் தூங்கும்.

“அண்ணாச்சி, எங்க தண்ணித் தொட்டி காரை பேந்து விழுதுல்லா. பொம்பளையள்லாம் மில்லுக்கு வந்து என்னையப் பிடிச்சுத் திட்டுதாவ. நீங்க பேசுனாதான் எடுபடும்.”

நான் பேசிய தெரு தோற்றதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரே சொல்வதுதான். நடுத்தெருவில் தண்ணீர்க் கஷ்டம் உண்மை. சரி என்றேன்.

அவர் போனபிறகு பிரமு உள்ளேயிருந்து கேட்டாள். “யாருக்கு ஒத்துக்கிட்டிய?”

“நடுத்தெருவுக்கு.”

“ம்.”

ஜூலை 19, வெள்ளி

ஆஸ்பத்திரி. காயை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்று மறுபடி சொன்னார்கள். அப்படித்தான் செய்கிறேன். அதில் ஒரு ருசியும் இல்லை. பிரமு குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள். குறை சொன்னால் நன்றாக இருக்கும்.

ஜூலை 21, ஞாயிறு

எங்கள் தெருவுக்கும் வாய் கேட்கப் போக வேண்டியிருந்தது. மாசானம் போகச் சொன்னான். “அண்ணாச்சி, பாலத்துக்கு இந்தத் தடவையாவது சூட்டிக்கையான ஆளாப் பிடிங்க. என் தோளு தாங்காது” என்று சிரித்தான். சிரிப்பில் கொஞ்சம் நிஜம் இருந்தது. நாற்காலி தூக்குகிறவர்களில் இரண்டு பேர் கேரளாவுக்கு வேலைக்குப் போகப்போகிறார்கள்.

கீழத்தெரு தங்கபுஷ்பத்தைப் பார்த்தேன். மகளிர் குழுத் தலைவி. பேங்க் மேனேஜரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவள். உடனே ஒத்துக்கொண்டாள்.

“மைனியப் பத்திச் சொன்னா போதும் அண்ணாச்சி. நாற்காலில வச்சுத் தூக்கிட்டுப் போறதைச் சொன்னா கல்லும் கரையும்.”

“அது வேண்டாம்.”

“எது?”

“அவ பேரை எடுக்க வேண்டாம். பொதுவாப் பேசு. பிள்ளைய பள்ளிக்கூடம் போவுது, உரமூட்டை வருது, அதச் சொல்லு.”

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வீட்டுச் சங்கதியை ஊர் நடுவில் மைக்கில் வைப்பது எனக்குப் பிடிக்காது. பிரமுவுக்கும் பிடிக்காது என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆஸ்பத்திரி. மூன்று பேர்தான் தூக்க வந்தார்கள். நாலாவதாக டீக்கடையிலிருந்து ஒருவரைப் பிடித்தோம். அவர் உயரம் மற்றவர்களோடு ஒத்துவரவில்லை. நாற்காலி ஒருபக்கம் சரிந்தே போயிற்று. பிரமு இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

கரண்ட் பில் கட்டினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நடுத்தெருவுக்குப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். பேசப்போகிற விஷயத்தைக் கண்ணால் பார்க்காமல் பேசுவதில்லை. கம்பி வெளியே தெரிகிறது. குடத்தோடு நிற்கிற பெண்களிடம் விசாரித்தேன். ஒருத்தி தண்ணீருக்கு நின்றே வேலைக்குப் போகும் பேருந்தைத் தவற விடுகிறாளாம். நல்ல குறிப்பு.

ஆகஸ்ட் 14, புதன்

வேட்டியைத் தேய்த்து வைத்தேன். நாளை சபையில் பாதிக் குரலில் பேசினால் போதும் என்று நினைத்திருக்கிறேன். ஒத்துக்கொண்டதற்குப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சபை நடந்தது. பள்ளிக்கூட வேப்பமரத்தடி. கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு ஆரம்பித்தார்கள். நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். தலைவர் பொன்ராணி நடுவில் உட்கார்ந்திருந்தார். போன தேர்தலில் ஜெயித்தவர். பேசுவது குறைவு, எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

தங்கபுஷ்பம் முதலில் எழுந்தாள். பள்ளிப் பிள்ளைகள் என்றாள். உரமூட்டை என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருந்தது. நடுவில் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் கொடிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் என் முறை. மைக் கைக்கு வந்ததும் பாதிக் குரல் என்று நினைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பேருந்தை விட்ட பெண்ணிலிருந்து ஆரம்பித்தேன். அவளுடைய குடத்தைச் சொன்னேன். குழந்தை தூங்குகிற தொட்டிலுக்குப் பக்கத்தில் காரை பெயர்ந்து விழுந்ததைச் சொன்னேன். நடுத்தெருப் பெண்களில் இரண்டு மூன்று பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒன்றியத்து அதிகாரி கைதட்டினார்.

கை தூக்கினார்கள். தொட்டிக்கு முதல் இடம். கீழத்தெரு விளக்குகள் இரண்டாவது. பாலம் மூன்றாவது.

வைகுண்டம் கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் மாவு. வீட்டுக்கு வந்தால் பிரமு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

“நல்லாப் பேசுனிய” என்றாள். “ஒரு வார்த்தை விடாம எல்லாம் கேட்டுச்சு.”

கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். குடித்தாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆஸ்பத்திரி.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பத்து நாளாக வீட்டில் பேச்சு குறைவு. இன்று நானே ஆரம்பித்தேன். ஊர் வழக்கம் இருக்கிறதே, நம் தெருவுக்கு நான் பேச முடியாதே என்றேன்.

“பேச முடியாது, சரி. சும்மா இருந்திருக்கலாம்லா?”

மாட்டுக்காரர் வந்து கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று. எரு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாத எருவை வாங்கினேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி. திரும்பி வந்து இறக்கியதும் மாசானம் தோளைத் தேய்த்துக்கொண்டான். பிரமு பார்த்துவிட்டாள். அவன் போனபிறகு சொன்னாள்.

“மழை பிடிச்சா பலகை மேல தண்ணி போவும். அதுல என்னையத் தூக்கிட்டு ஒருத்தனும் தடுமாற வேண்டாம். அதுக்கப்புறம் நான் வரல.”

டாக்டர் ஒருமுறைகூட விடக்கூடாது என்று சொன்னதைச் சொன்னேன். விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். தனக்கும் தெரியும் என்றாள். தென்காசியில் வீடு பார்க்கிறேன் என்றேன்.

“வேண்டாம். வாடகை வீட்டுல போயிக் கெடக்கறதுக்கு நம்ம வீட்டுலயே கெடக்கேன்.”

“சரி, நடுத்தெருவிலாவது பாப்போமா? ஆட்டோ வாசலுக்கு வரும்.”

“ஏன், நீங்க வாங்கிக் குடுத்த தொட்டித் தண்ணியக் குடிக்கவா?”

பல மாதத்துக்குப் பிறகு கேலி செய்திருக்கிறாள். சிரிக்க வேண்டியதுதான். முடியவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தலைவரைப் பார்த்தேன். பட்டியல் இன்னும் மேலே போகவில்லையாம். அக்டோபர் இரண்டாம் தேதி சபையில் ஒருமுறை வாசித்து உறுதி செய்தபிறகுதான் போகும். அன்றைக்கு யாராவது எழுந்து கேட்டால் வரிசையை மாற்றலாம். இதுவரை யாரும் கேட்டதில்லை. வாசிப்பார்கள், கை தூக்குவோம், டீ குடிப்போம், வருவோம்.

“கேக்க ஆள் இருந்தா கேக்கச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் பொன்ராணி. “வேற தெரு ஆளா இருக்கணும், பாத்துக்கிடுங்க.”

தங்கபுஷ்பத்திடம் போனேன். அவள் வாசலிலேயே சொல்லிவிட்டாள். “ஒரு தடவை உங்க சொல்லக் கேட்டுப் பேசி ஊருக்கு முன்னால முழிச்சேன். இனி மைனி வந்து சொன்னா பேசுதேன்.” அவள் சொன்னதில் தப்பு இல்லை. வேறு இரண்டு பேரைக் கேட்டேன். முடிந்த விஷயம் என்றார்கள். எல்லாவற்றையும் பிரமுவிடம் வந்து சொன்னேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பிரமு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஆட்டோ அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடித்தது. மாசானமும் மற்றவர்களும் வாசலில் நின்று பார்த்தார்கள். மழை இன்னும் ஆரம்பிக்கக்கூட இல்லை. “மழையில எப்படியும் நிறுத்தத்தான போறோம், அத இன்னைக்கே பழகிக்கிடுதேன்” என்றாள். மாசானம் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன். கொல்லையில் போய் நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

கால் வீங்கிவிட்டது. இரண்டு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. நான் சத்தம் போட்டேன். பிறகு கெஞ்சினேன். கெஞ்சியபோது என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாளைக்கு வருகிறேன் என்றாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைத்தான் திட்டினார். படித்த மனுஷன் மாதிரித் தெரிகிறதே என்றார். கேட்டுக்கொண்டேன். பிரமு படுத்தபடியே டாக்டரிடம், “அவரைத் திட்டாதீங்க, அவரு ஒண்ணும் செய்யல” என்றாள். உண்மைதான், நான் ஒன்றும் செய்யவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

மாலையில் மாசானத்தைக் கூப்பிடச் சொன்னாள். வந்தான்.

“மாசானம், இன்னும் ஒரு தடவை என்னையத் தூக்கணும்.”

“என்ன மைனி இது, நாளைக்குத்தான் ஆஸ்பத்திரி உண்டே.”

“நாளைக்கும் தூக்கு. புதன்கிழமையும் தூக்கு. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு இல்ல.”

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. புதன்கிழமை சபை என்பது எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 2, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீலச் சேலையை உடுத்தித் தலை சீவிக்கொண்டாள். நாலு பேர் தூக்கினார்கள். பலகையைத் தாண்டுகிற வரைக்கும்தான் தூக்க வேண்டியிருந்தது, அந்தப் பக்கம் ஆட்டோ வைத்திருந்தேன். அவள் ஆட்டோவில் ஏறவில்லை. “அப்படியே போங்க” என்றாள். நடுத்தெரு வழியாக, மில் வாசல் வழியாக, பள்ளிக்கூடம் வரைக்கும் நாற்காலியிலேயே போனாள். தன்னை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று இத்தனை மாதம் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனவள் அவள். இன்று போடவில்லை.

சபையில் பேச்சு நின்றுவிட்டது. முன்வரிசைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். செயலர் பட்டியலை வாசித்தார். ஒன்று, நடுத்தெரு மேல்நிலைத் தொட்டி. இரண்டு, கீழத்தெரு விளக்குகள். மூன்று, கால்வாய்த் தெருப் பாலம். உறுதி செய்யலாமா என்று கேட்டார்.

“நான் பேசணும்” என்றாள் பிரமு.

மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வைகுண்டம் எழுந்தார். கோபமாகப் பேசவில்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். “மைனி, தப்பா நெனைக்காதிய. உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாததா? ஆனா ஊரு கட்டுப்பாடு ஒண்ணு இருக்கு. சொந்தத் தெருவுக்குப் பேசக்கூடாதுல்லா. அண்ணாச்சியே அதை மீறல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலை நிமிரவில்லை.

“சரிதான்” என்றாள் பிரமு. “நான் ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. நான் செத்தா எம்மேல போத்துத கோடிச்சேலை எங்கயிருந்து வரும்?”

இப்படி ஒரு கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. வைகுண்டம் தயங்கிவிட்டுச் சொன்னார். “உங்க பொறந்த வீட்டுலயிருந்துதான். ஆழ்வார்குறிச்சி.”

“நாப்பது வருசமா இந்தத் தெருவுல இருக்கேன். இன்னைக்கும் என்னைய ஆழ்வார்குறிச்சிக்காரின்னுதான் கூப்பிடுதிய. கோடியும் அங்கயிருந்துதான் வரும்ங்கிய. அப்போ கால்வாய்த் தெரு எப்படி எனக்குச் சொந்தத் தெரு ஆவும்?”

வைகுண்டம் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. தலைவர் பொன்ராணி முதல் தடவையாகச் சிரித்தார். அவரும் வாக்கப்பட்டு வந்தவர்தான், பிறந்தது பாவூர்சத்திரம் பக்கம். “பேசட்டும்” என்றார்.

பிரமு பேசியது கொஞ்சம்தான். குரல் இழுத்து இழுத்துத்தான் வந்தது.

“பாலம் எனக்குன்னு கேக்கல. நான் எத்தனை நாளைக்கு. இந்த மாசானத்தைப் பாருங்க. வாரத்துல ரெண்டு நாள் வேலைய விட்டுட்டு என்னையத் தூக்குதாரு. தோளு காச்சுப்போச்சு. கேட்டா வலிக்கலம்பாரு. நாற்காலில உக்காந்து போவும்போது நான் என்ன நெனைப்பேன் தெரியுமா? செத்துட்டா ஒரு நாள் தூக்குனா போதும்லான்னு நெனைப்பேன். அந்தத் தெருவுல நாளைக்கு இன்னொருத்தி படுப்பா. அவளும் இப்படி நெனைக்கக்கூடாது. அதுக்குத்தான் கேக்கேன்.”

மைக்கைக் கொடுத்துவிட்டாள்.

யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. தலைவர், பாலத்தை முதலில் வைக்கலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். தங்கபுஷ்பம் தூக்கினாள். பிறகு பெண்கள் வரிசை வரிசையாகத் தூக்கினார்கள். தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற நடுத்தெருப் பெண்கள் தூக்கினார்கள். வைகுண்டத்தின் வீட்டம்மாவும் தூக்கினாள். அவரும் அதைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தன் கையையும் தூக்கினார். அடுத்த வருஷம் தொட்டிதான் முதலில் என்று யாரோ சத்தம் போட்டார்கள். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

நானும் கை தூக்கினேன். ஊரிலுள்ள எல்லாத் தெருவுக்கும் பேசியவன் நான். என் வீட்டில் இருக்கிறவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 4, வெள்ளி

ஆஸ்பத்திரி. காலையில் தூறல். ஆட்டோ ஹாரன் அடிப்பதற்கு முன்பே பிரமு தயாராக உட்கார்ந்திருந்தாள். பாலம் வருகிற வரைக்கும் வருகிறாயா என்று கேட்டேன். மழை அதிகமானால் பார்ப்போம் என்றாள். வாக்குக் கொடுக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

ரேஷன் வாங்கினேன். பருப்பு இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

ராத்திரி நல்ல மழை. பலகையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போகிறது.

காலையில் மேலத்தெருவிலிருந்து நாலைந்து பேர் குடையோடு வந்தார்கள். அவர்கள் தெரு அங்கன்வாடிக் கட்டடம் ஒழுகுகிறதாம். அடுத்த வருஷ சபைக்கு வாய் கேட்க வந்திருக்கிறார்கள். ஜூலைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே, இப்போதே என்ன அவசரம் என்றேன். பிந்தினால் நடுத்தெருக்காரர்கள் தொட்டிக்குப் பிடித்துவிடுவார்களாம்.

சரி, பார்க்கிறேன் என்று நான் தொண்டையைச் செருமினேன்.

“இல்ல அண்ணாச்சி” என்று ஒருவர் நெளிந்தார். “மைனியக் கேக்க வந்தோம்.”

பிரமு கட்டிலில் படுத்திருந்தாள். எழுப்பி உட்காரவைத்தேன். அவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பக்கம் ஒழுகுகிறது, சமையல் எங்கே நடக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். ஜன்னலுக்கு வெளியே மழையையும் கால்வாயையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அடுத்த ஆகஸ்ட்டுதான?” என்றாள். “சரி. பேசுதேன்.”